பாத்தியா, நெனச்சியா?

திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே குடியிருந்த கம்பவுண்டர் வீட்டக்கா எந்த மர்மப் படத்தையும் இரண்டு முறை பார்ப்பாள். முதல் முறை தனியாகப் போவாள். இரண்டாம் முறை தெருவில் யாரையாவது துணைக்கு இழுத்துக்கொண்டு போவாள். கல்யாணமாகி அந்தத் தெருவுக்கு நான் வந்த பிறகு, அந்த யாரையாவது என்பது அநேகமாக நானாகத்தான் இருந்தது.

அவளுக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கும். நான் கேட்டதில்லை. தெருவில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. புருஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர், அதனால் அவள் கம்பவுண்டர் வீட்டக்கா. அவ்வளவுதான். நாற்பது வயது இருக்கும். பிள்ளை குட்டி கிடையாது. கட்டின சேலை கசங்காமல் நடப்பாள். யாரோடு பேசினாலும் முகத்தை நேருக்கு நேர் பார்த்துத்தான் பேசுவாள், கண்ணை அங்கே இங்கே திருப்ப மாட்டாள். உண்மையைச் சொல்ல வந்தவர்களுக்கே அவள் முன்னால் நாக்குக் குழறும். பால்காரர் அவளிடம் பாலை ஊற்றும்போது மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டே ஊற்றுவார்.

சமஸ்தானம் போய்ப் பத்து வருஷம் ஆகிவிட்டிருந்த காலம் அது. டவுனில் கொட்டகைக்குப் படம் மாறினால் மாட்டு வண்டியில் தட்டி கட்டி, தப்பு அடித்துக்கொண்டு நோட்டீஸ் போட்டுப் போவார்கள். குடும்பப் படம், சாமிப் படம் என்றால் அக்கா நோட்டீஸை மடித்துச் சன்னல் கட்டைக்கு அடியில் சொருகிவிடுவாள். கொலைப் படமாக இருந்தால் மட்டும் முழுக்கப் படிப்பாள். அந்த நோட்டீஸ்களில் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான் இருக்கும். கொலையாளி யார் என்பதை வெளியே சொல்லாதீர்கள் என்று ரசிகப் பெருமக்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். எனக்குத் தெரிந்து அந்த வேண்டுகோளை மதித்த ஒரே ரசிகப் பெருமகள் எங்கள் அக்காதான். கூட வந்தவர்கள் கெஞ்சினாலும் வாயைத் திறக்க மாட்டாள்.

நான் முதல் முறை அவளோடு போன மாட்டினி இன்னும் நினைவிருக்கிறது. பெண்கள் பக்கத்தை ஆண்கள் பக்கத்திலிருந்து பிரிக்க இடுப்பளவுச் சுவர் ஒன்று இருக்கும். அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து, திரைக்குப் பக்கவாட்டாக அவள் உட்கார்ந்திருந்தாள். படம் பாதி ஓடியிருக்கும். ஒருத்தன் இருட்டில் படியேறி வருகிறான், மேலே ஒரு பெண் தனியாக இருக்கிறாள். பயத்தில் அக்காவின் கையைப் பிடிக்கத் திரும்பினேன். அவள் திரையைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, படத்தப் பாக்காம?"

"படத்தத்தான் நேத்தே பாத்துட்டேனே. இன்னைக்கு ஒன்னயப் பாக்க வந்தேன்."

வெளியே வந்து சோடா குடிக்கும்போது விளக்கினாள். "அவன் படியேறி வந்தப்ப கையில கத்தி வச்சிருந்தானே, பாத்தியா?"

"ஆமா, பளபளன்னு."

"கத்தியே இல்ல. வெறுங்கை. அந்தப் பொம்பள வாயத் தொறந்து கத்துனா, ஒங்கண்ணு ஒரு கத்தியப் போட்டுக்கிருச்சு. நேத்து நானும் அப்பிடித்தான் போட்டுக்கிட்டேன். வீட்டுக்குப் போயி யோசிச்சப்பத்தான் தெரிஞ்சுச்சு, அதான் ஒனக்கும் அப்பிடித்தானான்னு பாக்க வந்தேன்."

எனக்குக் கோபம் வந்தது. கத்தியைப் பார்த்தது என் கண். இல்லை என்று சொல்ல இவள் யார் என்று மனசுக்குள் கருவிக்கொண்டே குதிரை வண்டியில் ஏறினேன். ஆனாலும் அடுத்த மர்மப் படத்துக்கு அவள் கூப்பிட்டபோது சேலையை மாற்றிக்கொண்டு முதல் ஆளாக நின்றேன்.

"பாத்தியா, நெனச்சியா?" என்பது அவள் வாயிலிருந்து ஒரு நாளைக்குப் பத்து முறையாவது வரும். பால்காரர் கிணற்றடியில் தண்ணீர் கலக்கிறார் என்று என் மாமியார் ஒருநாள் பெரிய ரகளை செய்தார்கள். அக்கா வாசலில் வந்து நின்றாள்.

"கலந்தத பாத்தீகளா பெரியாத்தா?"

"பாக்காமயா சொல்றேன்? கேனத் தூக்கிட்டுக் கெணத்துக்குப் போனான்."

"போனத பாத்தீக. கேனக் கழுவப் போயிருக்கலாம்ல?"

"அப்ப பாலு ஏன் தண்ணியா இருக்கு?"

"அது எருமையக் கேக்கணும். நீங்க பாத்தது, அவரு போனது. மிச்சம் நெனச்சது."

பால்காரர் கும்பிடு போட்டார். அவர் தண்ணீர் கலப்பவர்தான் என்பது தெருவுக்கே தெரியும், அக்காவுக்கும் தெரியும். ஆனாலும் பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்ல விடமாட்டாள். இந்தக் குணத்தால் அவளுக்குச் சிநேகிதிகள் அதிகமில்லை. ஊர்வம்பு பேச உட்காரும் இடத்தில் அவள் வந்தாலே பேச்சு கத்தரிக்காய் விலைக்குப் போய்விடும்.

அவள் பிறத்தியாரை மட்டும் இப்படிச் சோதித்தாள் என்று சொன்னால் பாவம். சினிமாவையே ஒருமுறை அவள் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறாள். அதைச் சொன்னால்தான் பின்னால் நடந்ததும் புரியும்.

அந்தக் கொட்டகையில் ஒரே ஒரு மிஷின். ஒரு ரீல் முடிந்து அடுத்த ரீலை மாட்டுகிற வரைக்கும் விளக்கைப் போட்டுவிடுவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை புதுப்படம். சுவரொட்டியில் ஒரு பங்களாவும் நிலாவும் ஒரு கை நிழலும். தெருவே கிளம்பிவிட்டது, என் மாமியார் உட்பட. அக்காவும் அன்றைக்கு மட்டும் முதல் முறையே எங்களோடு வந்தாள். கதை ஒரு ஜமீன்தாரைப் பற்றியது. டாக்டர் ஒருவர் பையும் கையுமாக பங்களாவுக்குள் போகிறார். கதவு சாத்திக்கொள்கிறது. வெளியே ஜமீன்தாரின் மகள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, ஒன்றும் பேசாமல் தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். விளக்கு போட்டார்கள். அடுத்த ரீலில் ஜமீன்தார் மகளோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார், பாலைக் குடிக்கிறார், துடிக்கிறார், சாய்கிறார். கொட்டகையில் அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள், "டாக்டர்தான்டா."

அக்கா மட்டும் எழுந்து நின்றுவிட்டாள். பின்னாலிருந்த பெண்கள் உட்காரச் சொல்லி ஏசினார்கள்.

"ரீல மாத்திப் போட்டுட்டான்," என்றாள் என்னிடம். "அந்தப் புள்ள தலையில பூவப் பாத்தியா? முந்துன ரீல்ல வாடிக் கெடந்துச்சு. இப்ப மொட்டா இருக்கு. வாடுன பூ மறுக்கா மொட்டாகுமா?"

இடைவேளையில் போய் மேனேஜரிடம் சொன்னாள். அவர் சிரித்தார். டிக்கெட் கிழிக்கிறவரும் சிரித்தார். படம் அப்படியே ஓடி, கடைசி ரீலில் போலீஸ் வந்து பங்களாக் காரியஸ்தரின் கையில் விலங்கு மாட்டியபோது கொட்டகையே கொந்தளித்தது. டாக்டரை விட்டுவிட்டு ஒரு பாவப்பட்ட மனுஷனைப் பிடித்துக்கொண்டு போகிறார்களே என்று என் மாமியார் மூக்கைச் சிந்தினார்கள்.

மறுநாள் அக்கா என்னை மறுபடி கூட்டிப்போனாள். இந்த முறை ஜமீன்தார் முதலில் துடித்தார், அப்புறம் டாக்டர் பையோடு உள்ளே போனார். காப்பாற்ற முடியாமல்தான் அந்த மனுஷர் கையைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினார். முந்தின நாள் பார்த்த அதே காட்சிகள். ஒன்றுகூடக் கூடவில்லை, ஒன்றுகூடக் குறையவில்லை. இருந்தும் நேற்று கொலைகாரராக இருந்தவர் இன்றைக்கு நல்லவராகிவிட்டார்.

"ஒண்ணுமே பொய்யில்ல பாத்துக்க," என்றாள் அக்கா. "எல்லாம் பாத்ததுதான். வரிசைதான் பொய்யி."

மாமியாரிடம் வந்து சொன்னேன். "நீங்க ஆயிரம் சொல்லுங்க, நான் எங்கண்ணால பாத்தேன், டாக்டர்தான்," என்றார்கள். சாகிறவரைக்கும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் கையைத் துடைக்கிறாரா என்று பார்ப்பதும் அவர்களுக்குப் பழக்கமாகிவிட்டது.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். சிரிக்க முடியாதது எதிர் வீட்டுச் சன்னல்.

அக்கா நாள் முழுக்க அந்தச் சன்னலில்தான் இருப்பாள். அரிசி புடைப்பதும் அவரை உரிப்பதும் அங்கேதான். எங்கள் முன்கூடமும் நடையும் அங்கிருந்து அப்பட்டமாகத் தெரியும். "என்ன, இன்னைக்கு ஒங்க வீட்டுக்காரரு சட்டையில பொத்தான் இல்லாமப் போறாரு," என்பாள். "நேத்து சாயங்காலம் ஒம்மாமியா ஒன்ன எதுக்கோ வஞ்சாக போல, சோறு திங்காம எந்திரிச்சிட்டியே," என்பாள். ஆதரவாகத்தான் சொல்வாள். ஆனால் நான் சோறு தின்னாமல் எழுந்தது என் வீட்டுக்குள், என் சோகம். அதற்கும் ஒரு சாட்சி இருக்கிறது என்றால் கூசாதா? கொட்டகையில் இருட்டில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அதே கண்கள். இங்கே டிக்கெட்கூட வாங்கவில்லை.

பழைய கண்டாங்கிச் சேலை ஒன்றைக் கிழித்து எங்கள் சன்னலுக்குத் திரை தைத்து மாட்டினேன். மறுநாள் அவள் ஒன்றும் கேட்கவில்லை. "தெரை நல்லா இருக்கு," என்று மட்டும் சொன்னாள். எனக்குத்தான் வெட்கமாகிவிட்டது. வெட்கப்பட வேண்டியவள் அவளல்லவா என்று அப்புறம் எரிச்சலாகவும் இருந்தது.

இந்த இடத்தில் என் வீட்டுக் கதை கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எனக்கு ஒரு தம்பி. அறந்தாங்கியில் ரைஸ்மில்லில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், வேறு சாதியில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். என் அப்பா அன்றைக்கே கிணற்றடியில் போய்த் தலை முழுகிவிட்டு வந்தார். அதற்கு அடுத்த வருஷம் என்னைப் பெண் கேட்டு வந்தபோது, "எனக்கு ஆம்பளப் புள்ள கெடையாதுங்க, இவ ஒருத்திதான்," என்று சபையில் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். மாலை மாற்றும்போது மைத்துனர் செய்ய வேண்டிய முறையைச் சித்தப்பா மகன் செய்தான். இல்லாத தம்பியைப் பற்றி நான் புகுந்த வீட்டில் ஒருநாளும் வாயைத் திறந்ததில்லை.

ஒரு புதன்கிழமை. மாமியார் அன்னவாசலில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். என் வீட்டுக்காரர் கீரனூரில் ஒரு ஆபீசில் குமாஸ்தா. காலையில் பஸ்ஸேறினால் சாயங்காலம்தான் வருவார். ஆளில்லாத நேரத்தில் அடுப்படி ஒட்டடையை அடித்துவிடலாமென்று முந்தானையை இழுத்துச் செருகினேன். கரி தலையெல்லாம் கொட்டியது. கையோடு சன்னல் திரையையும் கழற்றி ஊறவைத்தேன். வாசல் கதவைச் சாத்திவிட்டுத் தலைக்குக் குளித்து, கட்டியிருந்ததையும் திரையையும் பிழிந்து கொல்லைக் கொடியில் போட்டேன். அதற்கெல்லாம் அப்புறம்தான் தம்பி வந்து வாசலில் நின்றான்.

மூன்று வருஷமாகப் பார்க்காத முகம். உள்ளே வரமாட்டேன் என்றான். நான்தான் இழுத்து நடையில் நிறுத்தினேன். அவன் பெண்டாட்டி மாசமாக இருக்கிறாளாம். "அம்மாகிட்டச் சொல்ல முடியல. ஒங்கிட்டயாச்சும் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்," என்றான். இரண்டு பேரும் நின்றபடியே அழுதோம். யாராவது வருவதற்குள் போய்விடுகிறேன் என்று துண்டால் முகத்தை மூடித் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை மாமியார் திரும்பி வந்தார்கள். அதற்குள் தெருவில் கதை தயாராகி இருந்தது. பூக்காரம்மா கூப்பிட்டபோது கதவு சாத்தியிருந்தது. முக்கு டெய்லர், யாரோ ஒரு வாலிபன் முகத்தை மூடிக்கொண்டு எங்கள் வீட்டிலிருந்து ஓடியதைப் பார்த்தார். பக்கத்து வீட்டு மிலிட்டரிக்காரர் சம்சாரம், நான் ஈரத் தலையோடு சேலை பிழிந்ததைக் கொல்லைச் சுவருக்கு மேலாகப் பார்த்தாள். வெள்ளி இல்லை, செவ்வாய் இல்லை, புதன்கிழமை எதற்குத் தலைமுழுக்கு? இந்த மூன்றையும் அடுக்கிப் பாருங்கள். கதவு சாத்தியிருந்தது, ஆள் ஓடினான், பொம்பளை தலை முழுகினாள். இதற்கு மேல் யாரும் எதையும் சொல்லக்கூட வேண்டியதில்லை. யாரும் பொய்யும் சொல்லவில்லை.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மாமியார் ஆரம்பித்துவிட்டார்கள். டெய்லரையும் மிலிட்டரிக்காரர் சம்சாரத்தையும் கூப்பிட்டு முன்கூடத்தில் நிறுத்தியிருந்தார்கள். என்னைக் கேட்டார்கள். தம்பி என்றேன்.

"எந்தத் தம்பி? ஒங்கப்பன் சபையில வச்சு ஆம்பளப் புள்ள இல்லைன்னானே. இப்ப ஓடுனவனுக்கெல்லாம் தம்பின்னு பேரா?"

உண்மையைச் சொல்லி முடித்துவிட்டேன். அது பொய்யாக இருந்தது. என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"காலையில மொத பஸ்ஸுக்கு இவளக் கொண்டுபோயி அப்பன் வீட்டுல விட்டுட்டு வா," என்றார்கள் மாமியார். "திரும்பக் கூட்டியார சோலி இல்ல."

என் வாழ்க்கை அந்த நிமிஷத்தில் முடிந்துபோனது என்றே நினைத்தேன். அப்போதுதான் கம்பவுண்டர் வீட்டக்கா தெருவைக் கடந்து வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. கையில் அவரைக்காய் நார் ஒட்டியிருந்தது.

"ஏந்தங்கச்சி," என்றாள் மிலிட்டரிக்காரர் சம்சாரத்திடம், "இவ சேலையப் பிழியயில நீ என்ன வேலையா இருந்த?"

"உலை வச்சிட்டு, அரிசி கழுவுன தண்ணிய ஊத்தக் கொல்லைக்குப் போனேன்."

"அப்ப சோறு ஆக்கல."

"ஆக்கல."

"டெய்லரண்ணே, நீங்க அந்தப் பையனப் பாத்தது எப்ப?"

"சாப்புட்டு வந்து கடையத் தொறந்தேம்மா. அப்பத்தான் போறான்."

"சோறு ஆக்காத நேரத்துலயே இவ குளிச்சாச்சு. சாப்புட்டு வந்த பெறகு அவன் போறான். பூக்காரம்மா வாரது அதுக்கும் முந்தி, உச்சிக்காலப் பூசைக்கு முன்னாடியே நம்ம தெருவ முடிச்சிட்டுக் கோயிலுக்குப் போயிரும். இவ குளிக்கயில கதவு சாத்தாமத் தொறந்தா போட்டுக் குளிப்பா?" டெய்லர் பக்கம் திரும்பினாள். "அவன் போகயில கதவு சாத்தியா இருந்துச்சு?"

டெய்லர் யோசித்தார். "தொறந்துதாம்மா இருந்துச்சு. இந்தப் புள்ள நடையில நின்னுக்கிட்டிருந்துச்சு."

"பெரியாத்தா, அடுப்படிய அண்ணாந்து பாத்தீகளா, வந்ததுலருந்து? ஒட்டடை இருக்கா?"

மாமியார் அசையவில்லை. என் வீட்டுக்காரர்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "இல்ல," என்றார். கீரனூரிலிருந்து வந்த பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"சரி, குளிச்சது ஒட்டடைக்கு," என்றார்கள் மாமியார். "அவன் யாரு? அதுக்குச் சொல்லு."

"தம்பிதான்."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்? நீ கேட்டியா?"

"கேக்கல. பாத்தேன்."

அக்கா மெதுவாகச் சொன்னாள். அவன் எந்தத் தூணில் சாய்ந்து நின்றான், நான் எந்தப் பக்கம் நின்றேன், செம்பில் தண்ணீர் கொடுத்ததில் பாதியைக் குடித்துவிட்டு மீதியைக் கீழே வைத்தது, இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற அளவு இடம் இருந்தது, எல்லாம் சொன்னாள்.

"ரெண்டு பேரும் அழுதாங்க. அழுகயில மணிக்கட்டால கண்ணத் தொடைக்கிறாங்க. வெரல் படல. அவனும் அப்பிடியே, இவளும் அப்பிடியே. அப்பிடி ஒண்ணு போல தொடைக்கணும்னா ஒரே வீட்டுல சேந்து அழுது வளந்திருக்கணும்."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அந்த நேரத்தில் அழுதுகொண்டிருந்தேன். வலது கை மணிக்கட்டு என் கண்ணில் இருந்தது.

டெய்லர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். மிலிட்டரிக்காரர் சம்சாரம், "அடுப்புல பால வச்சிட்டு வந்துட்டேன்," என்று சொல்லிவிட்டு ஓடினாள். மாமியார் மட்டும், "பொய் சொல்லிக் கட்டிக் குடுத்துருக்கான்," என்று என் அப்பாவைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த ஏச்சு இரண்டு மாசம் ஓடியது. எனக்கு அது தாலாட்டு மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரர் செருப்பை ஓரமாக எடுத்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஒந்தம்பி சாப்புடாமலா போனான்?"

அந்த ஒரு கேள்விக்காக அவரை மன்னித்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றதை மறக்கவில்லை, அது வேறு.

நன்றி சொல்ல மறுநாள் அக்கா வீட்டுக்குப் போனேன். போகும்போதே மனசு இரண்டாகக் கிடந்தது. அவள் இல்லையென்றால் நான் அன்றைக்குக் காலை பஸ்ஸில் இருந்திருப்பேன். ஆனால் மூன்று வருஷத்துக்குப் பிறகு என் தம்பியும் நானும் அழுத அழுகையை, எங்களுக்கே எங்களுக்கென்று நினைத்திருந்ததை, ஒருத்தி அவரைக்காய் உரித்துக்கொண்டே கடைசிவரை பார்த்திருக்கிறாள். அன்றைக்குப் பார்த்துத் திரை கொடியில் தொங்கியது. மாட்டியிருந்தால் என் மானம் என் வீட்டுக்குள் இருந்திருக்கும், நான் வெளியே போயிருப்பேன். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கம்பவுண்டர் வாசலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு இடது கால் சற்றுக் கோணல். சாய்ந்து சாய்ந்துதான் நடப்பார். நான் வந்த காரியம் புரிந்துகொண்டு சிரித்தார்.

"எங்க வீட்டம்மா கண்ணு இப்ப நல்லாத்தாம்மா இருக்கு. கல்யாணமான புதுசுல அப்பிடி இல்ல. ஆஸ்பத்திரி மரத்தடியில நான் ஒரு நர்ஸம்மாகிட்ட ஒரு பொட்டலத்தக் குடுத்தத இவ பாத்தா. மிச்சத்த நெனச்சிக்கிட்டா. நெனச்சதயும் பாத்ததாச் சொல்லிப்புட்டா, இவ அண்ணன்மாருகிட்ட." காலைத் தட்டிக் காட்டினார். "இது அதுல ஒடஞ்சது."

"பொட்டலத்துல என்ன இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"மருந்துதான். வேற என்ன இருக்கும் எங்கிட்ட?"

அக்கா உள்ளே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். முகம் மாறவில்லை. அவர் குடித்துவைத்த தம்ளரை எடுத்துக்கொண்டு என்னை உள்ளே கூப்பிட்டாள்.

"தெரை காஞ்சிருச்சா?" என்றாள்.

"காஞ்சிருச்சுக்கா."

"எடுத்து மாட்டு. இனிமே பாக்க மாட்டேன்னு நான் சொல்ல மாட்டேன். சொன்னாப் பொய்யாப் போயிரும். ஆனா நீ மாட்டு."

மாட்டினேன். அதற்குப் பிறகும் அவளோடு படத்துக்குப் போனேன். இருட்டில் அவள் என் முகத்தைப் பார்ப்பாள், நான் சட்டென்று திரும்பி அவள் முகத்தைப் பார்ப்பேன், இரண்டு பேரும் சிரித்துவிடுவோம். அவளிடம் எனக்கு இருந்தது பிரியமா பயமா என்று இன்றைக்கும் கேட்டால் சொல்லத் தெரியாது. இரண்டும்தான் என்று தோன்றுகிறது. திரை மட்டும் திரையாக இருந்தது. அவளும் ஒருநாள்கூட அதை விலக்கச் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் தைமாசம், என் வீட்டுக்காரர் தானே அறந்தாங்கிக்குப் போய்த் தம்பியையும் அவன் பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஆறு மாசக் குழந்தை, ஆண். மாமியார் முதலில் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அப்புறம் குழந்தை அழுகிற சத்தம் கேட்டு, பசிக்குத்தான் அழுகிறது என்று அதட்டிக்கொண்டே வந்தார்கள். என் அப்பா வரவில்லை. சொல்லியனுப்பியும் வரவில்லை. தம்பி அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் யாராவது வாசலில் செருப்பைக் கழற்றினால் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

நான் சன்னலுக்குப் போய்த் திரையை முழுக்க ஒதுக்கினேன். எதிரே அக்கா இருந்தாள். குழந்தையைத் தூக்கிக் கம்பியோடு ஒட்டிப் பிடித்துக் காட்டினேன். அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று பார்த்தாள். தம்பியும் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"அப்பிடியே ஒங்கப்பா மொகம்," என்றாள் தெருவுக்கே கேட்கிற மாதிரி.

என் அப்பா அந்தத் தெருவில் காலே வைத்ததில்லை. அவரை அவள் ஜென்மத்தில் பார்த்தது கிடையாது. தம்பிக்கு அது தெரியாது. அவன் மணிக்கட்டால் கண்ணைத் துடைத்தான்.

"அக்கா," என்றேன். "பாத்தீங்களா, நெனச்சீங்களா?"

எத்தனையோ பேரை அவள் நேருக்கு நேர் பார்த்துக் கேட்ட கேள்வி அது. முதல் முறையாக அவள் கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

"பாத்தேன்," என்றாள்.